பானட்டுக்குள் விழுந்த நட்டும் வாஷரும்: ஒரு பாளையங்கோட்டைப் பட்டறை நிகழ்வு ஆய்வு

பின்னணி

பாளையங்கோட்டையில் திருச்செந்தூர் சாலையை ஒட்டிய ஒரு பட்டறையில் நடந்தது இது. ஆவணி மாதம், முகூர்த்தங்கள் அடுத்தடுத்து வந்த வாரம். அங்கே வேலைகளை மேற்பார்வை பார்ப்பது என் பொறுப்பு. வேலை செய்த தம்பி, வண்டிக்காரர் இருவரிடமும் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். பெயர்களை விட்டுவிட்டேன்.

வண்டி, மூன்று சிலிண்டர் பெட்ரோல் சின்ன கார். பத்து வருஷத்துக்கு மேல் ஓடியது. வண்டிக்காரருக்குத் திசையன்விளைப் பக்கம். ஐடிலிங்கில் குலுங்குகிறது, 'உஸ்' என்று ஒரு சத்தம் வருகிறது, மீட்டரில் எஞ்சின் விளக்கு எரிகிறது என்று சொல்லிக் கொண்டுவந்தார். ஸ்கேனரில் பி0171 காட்டியது. பெட்ரோலுக்கு ஏற்ற அளவைவிடக் காற்று அதிகமாகப் போகிறது என்று அதற்கு அர்த்தம். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது, சிலிண்டர்களுக்குக் காற்றைக் கொண்டுபோகும் இன்டேக் மேனிஃபோல்டு எஞ்சின் ஹெட்டோடு (எஞ்சினின் மேல்மூடி) சேரும் இடத்தில் கார்பரேட்டர் கிளீனரைச் சிறிது அடித்துப் பார்த்தோம். அடித்ததும் எஞ்சின் சத்தம் மாறியது. இரண்டுக்கும் நடுவில் காற்றுப் போகாமல் அடைக்கும் பேக்கிங் காய்ந்து, அந்த இடுக்கு வழியாகக் காற்றை உறிஞ்சுகிறது என்பது உறுதியானது. மேனிஃபோல்டைக் கழற்றி, முகத்தைச் சுத்தம் செய்து, புது பேக்கிங் போட வேண்டும். பெரிய வேலை இல்லை. மத்தியானம் ஆரம்பித்தால் சாயங்காலம் வண்டியைக் கொடுத்துவிடலாம்.

இந்த எஞ்சினில் மேனிஃபோல்டு ரேடியேட்டரைப் பார்த்த பக்கம் இருக்கிறது. பேட்டரியும் கியர் பாக்ஸும் ஒரே பக்கம், பேட்டரி மேலே, கியர் பாக்ஸ் கீழே. எஞ்சினை ஸ்டார்ட் செய்யும் செல்ஃப் மோட்டார் முன்பக்கம் கியர் பாக்ஸோடு சேரும் இடத்தில் இருக்கிறது. விழுந்த சாமான் எந்த வழியாகப் போயிருக்கலாம் என்று யோசிக்க இந்த அமைப்பு தெரிந்திருக்க வேண்டும்.

இன்னொன்று, புழுதி. ஆடிக்காற்று ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வந்து முப்பந்தல் காற்றாலைகளைச் சுற்றிவிட்டு, செம்மணல் மேடுகளான தேரிக்காட்டின் செம்மண்ணையும் கிளப்பிக்கொண்டு போகும். திசையன்விளை வட்டாரத்து வண்டி எது வந்தாலும் பானட்டைத் திறந்தால் உள்ளே செந்தூள் படிந்திருக்கும். எண்ணெய்க் கசிவு இருக்கிற இடத்தில் அது குழம்பு மாதிரி அப்பியிருக்கும். இந்த வண்டியிலும் அப்படித்தான். சாதாரணமாக இது எங்களுக்குத் தொந்தரவு. அன்றைக்கு உதவியாக இருந்தது.

விழுந்த விதம்

தம்பி முறைப்படி பேட்டரி மைனஸைக் கழற்றிவிட்டு, இன்ஜெக்டர் கனெக்டர்களைப் பிரித்து, மேனிஃபோல்டை வெளியே எடுத்துவிட்டான். ஹெட்டில் மூன்று இன்டேக் வாய்கள் திறந்து கிடந்தன. மூன்றிலும் துணி அடைத்தான். மேனிஃபோல்டைப் பிடிக்கும் பெரிய நட்டுகளை ஒரு டப்பாவில் போட்டான். வயரிங் பிராக்கெட்டில் இருந்து கழற்றிய சின்னச் சாமான்களை மட்டும், உடனே திரும்பப் போடத்தானே போகிறோம் என்று, பேட்டரிக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் உள்ள தகட்டின் மேல் வைத்திருந்தான். அவை 6 எம்எம் நட்டுகள், பத்தாம் நம்பர் ஸ்பேனர் பிடிக்கிற அளவு.

முகத்தில் ஒட்டியிருந்த பழைய பேக்கிங்கைச் சுரண்டும்போது முழங்கை தட்டியது. தகட்டின் மேல் இருந்தவற்றில் சில கீழே போயின. இரும்பில் ஒரு சத்தம், உடனே இன்னொரு மெல்லிய சத்தம். தரையில் எதுவும் விழவில்லை.

தம்பி செய்த நல்ல காரியம், அந்த நிமிஷமே கையை எடுத்துவிட்டுக் கூப்பிட்டது. "அண்ணாச்சி, என்னமோ உள்ள விழுந்துட்டு. எத்தனைன்னு தெரியல." இந்த ஒரு வாக்கியத்தால்தான் பின்னால் நடந்த அனைத்தும் சாத்தியமானது. சத்தம் காட்டாமல் டப்பாவில் இருந்து வேறு நட்டை எடுத்துப் போட்டு முடித்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. பட்டறையில் இப்படி நடப்பது உண்டு. பெரும்பாலும் மேஸ்திரியின் வாய்க்குப் பயந்துதான் நடக்கிறது. அதனால் அன்று யாரும் அவனைத் திட்டவில்லை. திட்டக் கூடாது என்று முன்பே பேசி வைத்திருந்த பட்டறை அது.

முதலில் செய்தவை, செய்யாமல் விட்டவை

சுற்றி நின்றவர்கள் உடனே மூன்று யோசனை சொன்னார்கள். கம்ப்ரசர் காற்றை அடித்தால் வெளியே வந்துவிடும். வண்டியை முன்னும் பின்னும் ஆட்டினால் கீழே உதிர்ந்துவிடும். எஞ்சினைத் தண்ணீர் அடித்துக் கழுவிவிட்டுத் தேடினால் கண்ணுக்குத் தெரியும். மூன்றையும் வேண்டாம் என்றேன்.

காற்று அடித்தால் சாமான் எங்கே போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. பக்கத்திலேயே இன்டேக் வாய்கள் திறந்திருக்கின்றன, துணிதான் காவல். புழுதி வேறு பறந்து வாய்க்குள் போகும். தேரி மண்ணில் கார்னெட் மணல் கலந்திருக்கிறது. உப்புத்தாள் செய்ய அதையும் பயன்படுத்துகிறார்கள். அது சிலிண்டருக்குள் போனால் நட்டு தேடிய கதை வேறு கதையாகிவிடும். வண்டியை ஆட்டினால் இப்போது ஒரு இடத்தில் உட்கார்ந்திருப்பது இன்னும் ஆழமான இடத்துக்கு நகரும். கியரில் நிற்கும் வண்டியைத் தள்ளினால் எஞ்சினும் சுற்றும், அந்த நிலையில் அதுதான் பெரிய ஆபத்து. தண்ணீர் அடித்தால் புழுதியில் இருக்கும் தடம் அழிந்துபோகும்.

செய்தவை குறைவு. மைனஸ் வயரைத் துணியால் சுற்றி ஓரமாகக் கட்டினோம். சாவியை என் பையில் போட்டுக்கொண்டேன். பழைய கல்யாண பிளக்ஸ் ஒன்றை வெள்ளைப் பக்கம் மேலே இருக்கும்படி வண்டிக்கு அடியில் விரித்தோம். இனி எது எப்போது உதிர்ந்தாலும் அதில் தெரியும். பானட்டுக்குள் இருந்த நிலையை, யாரும் கை வைப்பதற்கு முன், நாலு பக்கத்தில் இருந்தும் செல்போனில் படம் எடுத்தோம்.

என்ன காணவில்லை என்பது

தேட ஆரம்பிக்கும் முன் என்ன தேடுகிறோம் என்று தெரிய வேண்டும். இந்த இடத்தில்தான் பல பட்டறைகளில் தவறு நடக்கிறது. ஒரு நட்டு விழுந்தது என்று வைத்துக்கொண்டு, ஒரு நட்டு கிடைத்ததும் மூடிவிடுகிறார்கள்.

பிராக்கெட்டில் இரண்டு ஸ்டட், அதாவது நட்டு மாட்டுவதற்காக நீட்டிக்கொண்டிருக்கும் மரைக் கம்பிகள். தகட்டின் மேல் மிச்சம் இருந்தது ஒரு நட்டு, ஒரு ஸ்பிரிங் வாஷர், ஒரு தட்டை வாஷர். அப்படியானால் இன்னொரு ஸ்டட்டுக்கு உரிய மூன்றும் காணாமல் போயிருக்கலாம். தட்டை வாஷர் அதில் முதலிலேயே இருந்ததா என்று தம்பிக்கு நினைவில்லை. பழைய வண்டியில் முன்னால் வேலை பார்த்தவர்கள் போடாமல் விட்டிருக்கவும் வாய்ப்பு உண்டு. பிராக்கெட்டைத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தோம். இரண்டு ஓட்டைகளைச் சுற்றியும் வட்டமாக ஒரு அச்சு இருந்தது, இரண்டும் ஒரே அகலம். வாஷர் உட்கார்ந்து அழுத்திய இடம் அது. சந்தேகம் தீர்ந்தது. தேட வேண்டியவை மூன்று என்று வேலை அட்டையில் எழுதினோம்.

மிச்சம் இருந்தவற்றில் காந்தத்தை வைத்துப் பார்த்தோம். நட்டும் ஸ்பிரிங் வாஷரும் ஒட்டின. தட்டை வாஷர் ஒட்டவில்லை. யாரோ முன்பு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வாஷர் போட்டிருக்கிறார்கள். இது சின்ன விஷயம் போலத் தெரியும். ஆனால் காந்தக் குச்சியை மட்டும் நம்பித் துழாவியிருந்தால் இந்த வாஷர் பக்கத்திலேயே கிடந்தாலும் கைக்கு வந்திருக்காது, 'அங்கே இல்லை' என்று தப்பாக முடிவு கட்டியிருப்போம்.

மூன்று வாய்கள்

தேடுவதில் எனக்கு ஒரு வரிசை உண்டு. எங்கே கிடைக்கும் என்று பார்ப்பதற்கு முன்பு, எங்கே இருந்தால் எஞ்சின் கெடும் என்று பார்த்து அந்த இடங்களைக் கழித்துவிட வேண்டும். இங்கே முதல் இடம் இன்டேக் வாய்கள்.

6 எம்எம் நட்டின் உயரம் சுமார் 5 எம்எம். பிஸ்டன் உச்சிக்கு வரும்போது அதன் ஓரத்துக்கும் ஹெட்டுக்கும் நடுவே இருக்கும் இடைவெளி பொதுவாக ஒரு எம்எம் அளவுதான். நட்டு உள்ளே போய் எஞ்சின் சுற்றினால் பிஸ்டன், ஹெட், வால்வு மூன்றில் ஒன்றாவது போகும், பல நேரம் மூன்றும் போகும். செல்ஃப் ஒரு தடவை அடித்தாலே போதும். ஐம்பது பைசாச் சாமானுக்காக எஞ்சினை இறக்கிய வண்டிகளை நான் பார்த்திருக்கிறேன்.

அடைத்த துணிகளைப் பார்த்தோம். பெல்ட் பக்கத்து வாயிலும் நடு வாயிலும் துணி இறுக்கமாக இருந்தது. பேட்டரி பக்கத்து வாயில், அதாவது சாமான் விழுந்த பக்கத்தில், துணி ஒரு ஓரமாகச் சரிந்து விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டிருந்தது. சரிந்தது விழுவதற்கு முன்பா பின்பா என்று தெரியாது. உள்ளே போயிருக்கலாம் என்றே வைத்துக்கொண்டோம்.

வண்ணார்பேட்டையில் ஒரு பைக் பட்டறையில் எண்டோஸ்கோப் கேமரா இருந்தது. செல்போனில் சொருகிப் பார்க்கும் மெல்லிய வகை. அதை வாங்கி வரும்வரை துணியைக்கூட எடுக்கவில்லை. எடுக்கும்போது துணியின் மடிப்பில் இருப்பது உள்ளே விழக்கூடும் என்பதால், கீழே கையை ஏந்தி, மெதுவாக வெளிப்பக்கமாகச் சுருட்டி எடுத்தான் தம்பி. மடிப்பில் எதுவும் இல்லை.

கேமரா உள்ளே போனது. வாய் இரண்டாகப் பிரிந்து இரண்டு இன்டேக் வால்வுகளுக்குப் போகிறது. இரண்டு வால்வின் முதுகும் தெரிந்தன. கருப்புக் கார்பன், அதில் கொஞ்சம் எண்ணெய் ஈரம். இரண்டும் மூடியிருந்தன. பளபளப்பாக எதுவும் இல்லை. விழுந்த பிறகு எஞ்சின் சுற்றவே இல்லை என்பதால், மூடிய வால்வைத் தாண்டி எதுவும் போயிருக்க முடியாது. வாயும் காலி, வால்வும் மூடல். அந்தச் சிலிண்டர் கழிந்தது.

மூன்று சிலிண்டர் எஞ்சினை எங்கே நிறுத்தினாலும் பெரும்பாலும் ஏதாவது ஒன்றில் இன்டேக் வால்வு திறந்திருக்கும். இங்கே நடு சிலிண்டர் அப்படி. அதில் துணி இறுக்கமாகத்தான் இருந்தது. பட்டறையில் இருந்த மூத்தவர் ஒருவர், அதையும் நோண்ட வேண்டாம், நேரம் வீண் என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனாலும் திறந்த வால்வு என்றால் சந்தேகத்தின் பலனைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. காயிலைக் கழற்றி, பிளக் குழியில் இருந்த புழுதியை வாக்குவமில் உறிஞ்சி, பிளக்கை எடுத்து, அந்த ஓட்டை வழியாகக் கேமராவை விட்டுப் பிஸ்டன் தலையை முழுக்கச் சுற்றிப் பார்த்தோம். சுத்தமாக இருந்தது. பிளக்கைத் திரும்பப் போட்டு, மூன்று வாய்களையும் இந்தத் தடவை துணி இல்லாமல் அகலமான மாஸ்கிங் டேப்பை ஒட்டி அடைத்தோம்.

அதன் பிறகுதான் பட்டறையில் எல்லோரும் மூச்சு விட்டார்கள். இனித் தேடுவது பொறுமைக்கு வைத்த சோதனை மட்டும்தான்.

புழுதியில் இருந்த தடம்

டார்ச்சை மேலிருந்து நேராக அடித்தால் புழுதி ஒரே செம்மையாகத் தெரியும். பக்கவாட்டில், தகட்டோடு படுக்க வைத்த மாதிரி அடித்தால் சின்ன மேடு பள்ளமும் நிழல் காட்டும். கியர் பாக்ஸின் முதுகில் அப்படி அடித்தபோது, பிறைபோல ஒரு வெள்ளைக் கீறல் தெரிந்தது. நகத்தின் நுனி அளவு. புழுதி அங்கே மட்டும் விலகி அலுமினியம் மினுங்கியது. நட்டின் முனை பட்ட இடம். அதில் இருந்து இரண்டு விரற்கடை தள்ளி இன்னொரு புள்ளி, அப்புறம் புழுதியில் ஒரு இழுவை. அது கியர் பாக்ஸ் மவுண்ட்டின் பிராக்கெட்டுக்குப் பின்னால் போய் மறைந்தது.

கேமராவை அந்த வழியே விட்டால், பிராக்கெட்டின் மடிப்பில் இருந்த குழிக்குள் நட்டு படுத்திருந்தது. ஸ்பிரிங் வாஷரும் அதோடு, எண்ணெய்ப் பசையில் ஒட்டிக்கொண்டு.

எடுப்பதும் எளிதாக இல்லை. காந்தக் குச்சி இறங்கும் வழியெல்லாம் இரும்பு, நாலு பக்கமும் ஒட்டிக்கொண்டு இறங்க மறுத்தது. தம்பி எதிரே இருந்த இளநீர்க் கடைக்குப் போய் ஒரு தடித்த ஸ்ட்ரா வாங்கி வந்தான். குச்சியின் தலையை அதற்குள் செலுத்தி இறக்கியபோது சுவரில் ஒட்டாமல் வழுக்கிப் போனது. அடிக்குப் போனதும் தலையை மட்டும் வெளியே நீட்டி நட்டைத் தொட்டான். மேலே வந்த காந்தத்தில் நட்டோடு கரும்மணலும் தாடி மாதிரி ஒட்டியிருந்தது. தேரி மண்ணில் காந்தத்துக்கு ஒட்டும் கருந்துகள் உண்டு. அதைத் துடைக்காமல் அதே குச்சியை வேறு எங்கேயும், முக்கியமாக இன்டேக் பக்கம், கொண்டுபோகக் கூடாது என்று சொல்லிவைத்தேன்.

மூன்றில் இரண்டு கிடைத்தன. மணி ஏழரை தாண்டிவிட்டது.

வண்டிக்காரரின் அவசரம்

மறுநாள் காலையில் வள்ளியூரில் அவர் வீட்டுக் கல்யாணம். அவர் நிலையில் நான் இருந்தாலும் கோபப்பட்டிருப்பேன்.

"ஒரு வாஷருக்கா அண்ணாச்சி வண்டியப் போட்டு வச்சிருக்கீய? நட்டுதான் கிடைச்சாச்சே. வேற வாஷரப் போட்டுத் தாங்க, அது கிடந்தாக் கிடக்கட்டும்."

கேள்வியில் பாதி சரி. பானட்டுக்குள் விழும் எல்லாச் சாமானும் கிடைப்பதில்லை. கிடைக்காமலே வண்டியை அனுப்பிய நாட்களும் உண்டு, அதில் தவறில்லை. ஆனால் அதற்கு முன் சில இடங்களில் அது இல்லை என்று உறுதியாக இருக்க வேண்டும்: இன்டேக், பெல்ட்டும் அதன் கப்பிகளும், ரேடியேட்டர் ஃபேன், கிளட்ச் இருக்கும் பெல் ஹவுசிங்கின் திறப்பு, கியர் மாற்றும் கேபிள்கள், ஸ்டியரிங் இணைப்பு, பேட்டரியில் இருந்து நேராகக் கரண்டு வரும் முனைகள். இந்த வண்டியில் இன்டேக் கழிந்துவிட்டது. பெல்ட் எதிர்ப்பக்கம், பார்த்தாகிவிட்டது. மற்றவற்றை ராத்திரி வெளிச்சத்தில் உறுதி சொல்ல முடியவில்லை. கடைசியாகச் சொன்னதுதான் என்னை உறுத்தியது. செல்ஃப் மோட்டார் விழுந்த பாதைக்கு நேர் கீழே இருக்கிறது. அதன் பெரிய முனைக்குச் சாவி போடாவிட்டாலும் எந்நேரமும் பேட்டரி கரண்டு உண்டு, நடுவில் பியூஸ் பெரும்பாலும் இருக்காது. உலோகத் துண்டு ஒன்று அந்த முனையையும் பாடியையும் சேர்த்துத் தொட்டால் வயர் பழுக்கும், தீயும் பிடிக்கலாம். குடும்பத்தை ஏற்றிக்கொண்டு போகிற வண்டி.

இதை அப்படியே அவரிடம் சொன்னேன். படத்தைக் காட்டினேன். அவர் ஒத்துக்கொண்டார் என்று சொல்ல முடியாது, விட்டுக்கொடுத்தார். பட்டறைப் பையன் பைக்கில் கொண்டுபோய் வேய்ந்தான்குளம் பஸ் ஸ்டாண்டில் விட்டான். மறுநாள் கல்யாணத்துக்குப் போய்வர வாடகைக் கார் பட்டறைச் செலவில்.

போகும்போது ஒன்று கேட்டார்: வண்டி ராத்திரி வெளியில் நிற்கிறது, கதவுக் கண்ணாடி இறங்கியிருக்கிறது, ஒரு நிமிஷம் பேட்டரியை மாட்டி ஏற்றிவிடுங்கள் என்று. தம்பி மைனஸ் வயரை எடுக்கக் கை நீட்டிவிட்டான். வேண்டாம் என்று தடுத்து, தார்ப்பாய் போட்டுக் கட்டச் சொன்னேன். அப்போது அது அதிகப்படியான எச்சரிக்கை என்றுதான் அங்கே நின்றவர்கள் நினைத்திருப்பார்கள்.

மறுநாள் காலை

வெயில் வந்ததும் வண்டியை நகர்த்தாமல் ஜாக்கி போட்டு, ஸ்டாண்டு கொடுத்து, எஞ்சினுக்கு அடியில் இருக்கும் பிளாஸ்டிக் கவரைக் கழற்றினோம். பிளக்ஸின் மேல் அப்படியே கவிழ்க்காமல் இறக்கி, கையால் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தோம். செம்மண், வேப்பிலைச் சருகு, ஒரு கிளிப், யாரோ எப்போதோ தொலைத்த ஒரு பத்தாம் நம்பர் சாக்கெட். வாஷர் இல்லை. வாக்குவமின் வாயில் கொசுவலைத் துண்டைக் கட்டி, கை போகாத மூலைகளை உறிஞ்சினோம். சாமான் வந்தால் வலையில் நிற்கும். அதிலும் இல்லை.

கண்ணால் பார்க்க வேண்டியதைப் பார்த்து முடித்த பிறகுதான் அடுத்ததைச் செய்தோம். இந்த வரிசை முக்கியம், ஏனென்றால் அடுத்த வேலை தடத்தை அழிக்கும். அதே அளவு ஸ்டெயின்லெஸ் வாஷர் ஒன்றில் சிவப்புத் தையல் நூலைக் கட்டி, தகட்டின் அதே ஓரத்தில் வைத்து, முழங்கை தட்டிய திசையிலேயே விரலால் சுண்டிவிட்டோம். நூல் கையில் இருப்பதால் இன்னொன்று தொலையும் பயம் இல்லை. விழுந்ததும் நூல் எந்த இடுக்கு வழியாக இறங்கியிருக்கிறது என்று பார்த்துவிட்டு, இழுத்து எடுத்து மறுபடி விடுவது. பெரும்பாலும் கியர் பாக்ஸில் பட்டு நேராக அடியில் போனது. சில தடவை மட்டும் கியர் பாக்ஸின் விலாவில் பட்டு முன்பக்கம் தெறித்தது. அப்படிப் போனபோதெல்லாம் நூல் செல்ஃப் மோட்டாரின் தலைக்கு மேல் நின்றது.

அந்த நூலை ஒட்டியே கேமராவை இறக்கினோம். செல்ஃப் மோட்டாரின் பெரிய முனையை மூடியிருக்க வேண்டிய ரப்பர் தொப்பி வெடித்துப் பாதி உரிந்திருந்தது. உரிந்த ரப்பரின் உதட்டில், சாய்வாக, எங்கள் வாஷர். ஒரு ஓரம், செல்ஃப் மோட்டாருக்குக் கரண்டை விடும் சுவிட்சான சோலினாய்டின் உடம்பில் ஊன்றியிருந்தது. மறு ஓரத்துக்கும் முனையின் நட்டுக்கும் நடுவே ஒரு நெல் நுழையும் இடைவெளி.

கேமராவில் பார்த்த தம்பி எதுவும் பேசவில்லை. போனை என்னிடம் நீட்டினான்.

மைனஸ் கழற்றியிருந்ததால் அவசரம் இல்லை. ஆனாலும் உலோகக் குறடு வேண்டாம் என்று முடிவு செய்தோம். தட்டிவிட்டால் மறுபடி முதலில் இருந்து ஆரம்பிக்க வேண்டும். விளக்குமாற்றில் இருந்து நீளமான ஒரு ஈர்க்கை உருவி, அடிப்பக்கத் தடித்த முனையில் கெட்டி கிரீஸை உருட்டி வைத்தான். கேமராவை நான் பிடித்துக்கொள்ள, அவன் ஈர்க்கை வாஷரின் மேல் மெதுவாக அழுத்தி, ஒட்டியது என்று தெரிந்ததும் நேராக மேலே எடுத்தான். தட்டை வாஷர், ஓட்டையைச் சுற்றி பிராக்கெட்டின் அச்சு. வேலை அட்டையில் மூன்றாவதற்கு எதிரே டிக் போட்டோம்.

முடிவும் அதன் பின்னும்

ரப்பர் தொப்பி தனியாக உடனே கிடைக்கவில்லை. சைக்கிள் டியூபை வெட்டி இரண்டு சுற்றுச் சுற்றி நைலான் டை போட்டு முனையை மூடினோம். அடுத்த வாரம் புதுத் தொப்பி வந்ததும் மாற்றினோம். டேப்பை உரித்து, இன்டேக் வாய்களைக் கேமராவில் மறுபடி பார்த்து, புது பேக்கிங்கோடு மேனிஃபோல்டை ஏற்றினோம். சாவி போடும் முன் பெல்ட் பக்கத்தில் கிராங்க் போல்ட்டில் ஸ்பேனர் போட்டு எஞ்சினைக் கையால் சுற்றினோம். எங்கேயும் தட்டவில்லை. பேட்டரியை மாட்டி ஸ்டார்ட் செய்தபோது ஐடிலிங் சீராக நின்றது, உஸ் சத்தம் இல்லை. ஸ்கேனரில் பிழையை அழித்தோம். ஒரு மாதம் கழித்து வந்தபோதும் அது திரும்பியிருக்கவில்லை.

வண்டிக்காரர் கல்யாணம் முடிந்து வந்து வண்டியை எடுத்துக்கொண்டார். வாஷர் இருந்த இடத்தின் படத்தைப் பார்த்தார். சொந்த வண்டியில் போய் இறங்க முடியாத வருத்தம் அவருக்கு இன்னும் இருக்கிறது, பார்க்கும்போது சொல்வார். அந்த வருத்தம் நியாயமானதுதான். சாயங்காலம் தருகிறேன் என்று சொன்னது பட்டறை.

பட்டறையில் மாற்றியவை

கழற்றிய சாமான்களைப் பானட்டுக்குள் எங்கேயும் வைப்பது நின்றது. முன்பு காந்தத் தட்டு ஒன்று வைத்திருந்தோம். ஸ்டெயின்லெஸ், பித்தளை, செம்பு வாஷர், அலுமினியம் எதுவும் அதில் நிற்காது. இப்போது பழைய இட்லித் தட்டுகள். ஒரு ஸ்டட்டின் நட்டு, வாஷர் எல்லாம் சேர்த்து ஒரு குழி. வேலை முடியும்போது எந்தக் குழியும் நிறைந்திருக்கக் கூடாது. கழற்றும்போது ஒவ்வொரு குழியும் நிறைந்த பிறகு ஒரு படம் எடுத்துவிடுகிறோம். எத்தனை இருந்தது என்ற கேள்விக்கு அந்தப் படம் பதில் சொல்கிறது.

திறந்த வாய்க்குத் துணி அடைப்பதை விட்டுவிட்டோம். துணி சரியும், நூல் பிரியும், மறந்து உள்ளேயே விட்டு மூடிய கதைகளும் இந்தத் தொழிலில் உண்டு. டேப் ஒட்டினால் எல்லோர் கண்ணிலும் படும்.

எண்டோஸ்கோப் ஒன்று வாங்கினோம். ஒரு பேக்கிங் செட்டின் விலைக்குள் வருகிறது. கிராமப்புறப் பட்டறைகள்கூட வாங்கலாம். காந்தக் குச்சிக்கு அடுத்து வாங்க வேண்டியது இதுதான் என்பது என் கருத்து.

வேலை அட்டையில் 'உள்ளே விழுந்தது' என்று ஒரு கட்டம் சேர்த்திருக்கிறோம். என்ன விழுந்தது, கிடைத்ததா, கிடைக்கவில்லை என்றால் எந்தெந்த இடங்களில் இல்லை என்று பார்த்தோம் என்பதை எழுதி, வண்டிக்காரரிடம் சொல்லித்தான் அனுப்புகிறோம். இதை எழுதுகிறவரிடம் அபராதமோ சம்பளப் பிடித்தமோ கிடையாது. இதில் யாருக்காவது விதிவிலக்கு வைத்தால் அன்றோடு அந்தக் கட்டம் காலியாகவே இருக்க ஆரம்பிக்கும்.

தேரிப் பக்கத்து வண்டி எது வந்தாலும், வேறு வேலைக்கு வந்திருந்தாலும், செல்ஃப் மோட்டாரின் ரப்பர் தொப்பியைப் பார்க்கிறோம். பழைய வண்டிகளில் வெடித்த தொப்பிகள் எதிர்பார்த்ததைவிட அதிகம். தேடிய நேரத்துக்குக் கூலி வாங்குவதா என்ற பேச்சு பட்டறையில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. எங்கள் கையால் விழுந்தது என்றால் வாங்கக் கூடாது என்பது என் நிலை. முன்னால் வேலை பார்த்தவர் விட்டுப்போனதைத் தேடியெடுக்கும்போது என்ன செய்வது என்பதில்தான் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை.